கிழக்குச் சுவர்

கோயிலுக்காக ஒரு பழைய சர்ச் கட்டடத்தை வாங்கப் போன எங்கள் டெக்சாஸ் சுகர் லேண்ட் ஊர்க் கமிட்டி பார்க்கிங்கைப் பார்த்தது, பாத்ரூமைப் பார்த்தது, ஃப்ரீவேயிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தது. திசையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. போனவர்களில் பாதிப்பேர் இன்ஜினீயர்கள். எல்லாம் கையெழுத்தான பிறகு குருக்கள் வந்து உள்ளே நின்று, "வாசல் மேற்கே இருக்கே, சுவாமி எந்தப் பக்கம் பார்ப்பார்?" என்று கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். அந்தக் கட்டடத்தை வரைந்தவர்களில் நான் ஒருத்தி.

கமிட்டி அன்றே ஒரு வழி கண்டுபிடித்தது. மேற்கு வாசலை அடைத்துக் கருவறை கட்டுவது, எதிரே கிழக்குச் சுவரை இடித்து வாசல் வைப்பது. வரைபடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் முத்திரை போட்டால்தான் சிட்டி அனுமதி தரும். "வீட்லயே ஆள் இருக்கா" என்று என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கமிட்டிப் பொருளாளர்; முத்திரை போடும் லைசென்ஸ் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சுவர் நான் இந்த நாட்டில் வரைந்த முதல் சுவர். கணவரோடு டிபென்டென்ட் விசாவில் வந்து வீட்டுக்குள் கிடந்து, வேலை செய்ய அனுமதி வந்ததும் என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஒரு வயதான ஆர்க்கிடெக்ட். வாழ்நாள் முழுக்க டெக்சாஸ் கடலோரச் சிற்றூர்களுக்கு சர்ச் கட்டியவர். புயலில் கூரை போன ஒரு சர்ச்சுக்குக் கூரை போட்டுத்தான் தொழிலை ஆரம்பித்தாராம். அந்த வட்டாரத்துக்கு வெளியே அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "நான் சர்ச்சுக்குள் போனதே இல்லை" என்று இன்டர்வியூவில் சொன்னேன். "நல்லது, எதையும் மறக்கச் சொல்ல வேண்டியதில்லை" என்றார். இந்த சர்ச்தான் அவருடைய கடைசி வேலை. கிழக்கே ஜன்னலே இல்லாத செங்கல் சுவர். கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளியில் காலை வெளிச்சம் இறங்கும். அதற்கப்புறம் அலுவலகத்தை மூடிவிட்டார். அவர் கட்டியவற்றில் சில புயலில் போயின, ஒன்று ஜிம் ஆனது, ஒன்று சோபா விற்கும் கடை ஆனது. இந்த சர்ச்சுக்கும் ஆள் வருவது குறைந்துபோய்த்தான் விற்றார்கள்.

விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். சுவரை இடிக்கப் போகிறார்கள் என்றதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு அகலம்?" என்றார்.

இன்னும் முடிவாகவில்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் கண் கலங்கி, இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், முத்திரை போட மாட்டேன் என்றேன். சுவாமி கிழக்கே இருந்து மேற்கு பார்க்கட்டும், மேற்கு பார்த்த சிவன் கோயில் நம் ஊரில் இல்லையா, எங்கள் ஊர்க் கோயிலே அப்படித்தான் என்றேன்.

தலைவர் கோயம்புத்தூர்க்காரர், எண்ணெய் கம்பெனியில் ரிடையர் ஆனவர். "ஏனுங்கம்மா, சிலையெல்லாம் கப்பல் ஏறியாச்சு. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. இப்பப் போயி இப்படிச் சொன்னா எப்படிங்க?" என்றார்.

"வேற இன்ஜினீயர் பாத்துக்கோங்க அங்கிள்" என்றேன். அதற்கு நேரமில்லை என்பது தெரிந்துதான் சொன்னேன்.

என் கணவர் எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தினார். "உன் பழைய பாஸுக்காக ஊரையே ஹோல்ட்ல வெக்கிறியா? அவருக்கு என்ன, சாமியா கும்பிடறாரு?"

"சுவரைக் கும்பிடறாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குருக்கள்தான் கடைசியில் மேற்கு பார்த்து வைக்கலாம், தோஷமில்லை என்றார். வேண்டாவெறுப்பாகக் கை தூக்கினார்கள். ஜெயித்துவிட்டேன். அதன்பிறகு ஒரு வீட்டிலிருந்தும் எனக்குப் போன் வரவில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு வழக்கமாக நான் புளியோதரை கொண்டுபோவேன்; இந்த முறை நாப்கின் மட்டும் போதும் என்று செய்தி வந்தது. கணவர் காரில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார். இருக்கட்டும், சுவர் பிழைத்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நல்ல செய்தியோடு மறுபடி பெரியவர் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கத் தாள். கதவைத் திறந்தவர் கையில் பென்சில்.

"சுவரை யாரும் தொட மாட்டார்கள், நிறுத்திவிட்டேன்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"யார் உன்னை நிறுத்தச் சொன்னது?"

தாள்களைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே சுவர், ஒரே வாசல். செங்கல் வளைவாக ஒன்று, நேர்விட்டமாக ஒன்று. ஒன்றில் வாசலுக்கு வெளியே செருப்பு விட ஒரு நடை.

"நான் கட்டிய மாதிரியே இருந்த சர்ச்சுகளெல்லாம் காலியாகிவிட்டன" என்றார். குரல் நடுங்கியது, கோபத்தில். "ஆள் வர வேண்டும் என்று ஒரு கூட்டம் என் சுவரில் வாசல் கேட்கிறது. எத்தனை வருஷமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, தெரியுமா? நீ போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்."

அன்று அவர் அகலம் கேட்டதை நான் துக்கம் என்று நினைத்துவிட்டேன். அளவு கேட்டிருக்கிறார்.

வளைவு வாசல் தாளை வாங்கிக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். இடிக்க வேண்டும், முத்திரை போடுகிறேன், வரைபடம் இதுதான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்கம்மா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். அந்த அவமானம் எனக்கு வேண்டியதுதான். வீட்டில் கணவர் அன்று இரண்டு மடங்கு சத்தமாகப் பாட்டு வைத்தார்.

சுவர் வெட்டிய காலை, பெரியவரை அழைத்து வந்து பார்க்கிங்கில் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். ரம்பம் செங்கல்லில் இறங்கியபோது என்னால் பார்க்க முடியவில்லை. நான் வரைந்த வரிசைகள் புழுதியாகப் பறந்தன. சத்தம் நின்றதும் அழுகையோடு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண்ணில் துளி ஈரமில்லை. என் கையில் அளவு டேப்பைக் கொடுத்தார்.

"அகலம் சரியாக வந்திருக்கிறதா, போய்ப் பார்" என்றார்.