கால் விரலும் கோரைப் புல்லும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டர் கொடுத்த மாத்திரையை ரெண்டு நாள்தான் கொடுப்பேன். உடம்பு தேறியதும் மிச்சத்தை ஒரு பாட்டிலில் போட்டு வைப்பேன். அடுத்த ஆளுக்கு ஆகுமல்லவா? அதில் எனக்குப் பெருமை வேறு.

போன வருஷம் ஐப்பசியில், வண்டியூர்ப் பக்கம் வயலில் கண்ணாடிச் சில்லு குத்தி என் இடது கால் பெருவிரல் புண்ணானது. எனக்குச் சர்க்கரை உண்டு. பாட்டில் மாத்திரையை ரெண்டு நாள் போடுவேன், வலி குறைந்தால் நிறுத்துவேன். இப்படியே ஒரு மாதம் போனது. விரல் கறுக்க ஆரம்பித்தது. மதுரை ஆஸ்பத்திரியில், மருந்து கேட்காவிட்டால் விரலை எடுக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மகளோடு லேபுக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த பெண், “இதுவரைக்கும் என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள்.

“பாட்டில்ல கை விட்டா எது வருதோ அது” என்றாள் என் மகள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, மூடியைத் திறக்காமல் ஒரு வட்டத் தட்டைக் காட்டினாள். “இது உங்க புண்ணுல இருந்த கிருமி. வெள்ளைப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு மருந்து. கேக்குற மருந்தச் சுத்தி கிருமி வளராது.”

ஆறு பொட்டு இருந்தது. ஐந்தை ஒட்டிப் பாசி மாதிரி படர்ந்து கிடந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் மெழுகிய களம் மாதிரி சுத்தம்.

“இம்புட்டு பலம் எப்படித்தா வந்துச்சு இதுக்கு?” என்று கேட்டேன்.

“பாதி மருந்துல நோஞ்சான் கிருமி சாகும். மருந்தத் தாங்குறது தப்பிச்சு, அது மட்டும் பெருகும்மா.”

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் களையெடுத்தவள் நான். மேலாகக் கிள்ளிவிட்டுப் போனால் மற்றக் களை சாகும். கிழங்கு உள்ளே இருக்கிற கோரை வயலையே பிடித்துக்கொள்ளும். அப்படிக் களையெடுத்தவர்களை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

“அப்ப கோரைய வளத்தது நான்தேன்” என்றேன்.

லேப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு மருந்து மிச்சமிருக்கும்மா. இதையும் பாதியில விட்டீங்க, வீட்டுக்கே வந்து சண்ட போடுவேன்.”

அந்த மருந்தை டாக்டர் ஊசியாக எழுதிக் கொடுத்தார்; ஒரு நாள் விடாமல் போட்டு முடித்தேன். விரல் பிழைத்தது. ஆறியதும் லேபுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, “லட்சணமா இருக்கும்மா” என்றாள். பெற்ற மகள் சொன்ன மாதிரி இருந்தது.

யாரிடமும் தப்பை ஒப்புக்கொண்டு பழக்கமில்லாதவள் நான். இப்போது என் கையாலேயே எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்: “எங்க, மொதல்ல இருந்து வாசி ஆத்தா. என் தப்ப எங்கயாச்சும் கொறச்சு எழுதியிருந்தா, அந்த இடத்துலயே நிறுத்திச் சொல்லு.”