பதினான்காம் படுக்கைக்கு ஒன்பது மைல்

கட்டு மாற்றும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது ராணுவ ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடங்களில் ஒன்று. எதைப் பேசக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரின்போது, கிழக்கு எல்லையிலிருந்து ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பதினான்காம் படுக்கையில் பஞ்சாபைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் கிடந்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன். லாரி கவிழ்ந்து வலது கால் நசுங்கி, பாதத்தில் கருமை ஏறத் தொடங்கியிருந்தது. போர் நின்று சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில் சர்ஜன் வந்து பார்த்தார். மூன்று வாரம் பார்க்கலாம், தேறாவிட்டால் முழங்காலோடு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கட்டுப் பிரிக்கும்போது டிரைவர் கட்டில் கம்பியை விடவே இல்லை. அவர் கவனத்தைத் திருப்பத்தான் எங்கள் ஊர் மலையைப் பற்றிச் சொன்னேன். சுற்றி வந்து கேட்டால் கேட்டது கிடைக்கும் என்றேன்.

"யாருக்காக யார் நடந்தாலுமா, சிஸ்டர்?"

"யார் நடந்தாலும்" என்றேன், கண்ணெல்லாம் புண்ணின் மேல் இருக்க.

பிற்பகலுக்குள் வார்டு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்தபோது, வார்டு மாஸ்டராக இருந்த ஹவில்தார் ஒரு தாளை நீட்டினார். கடவுளுக்கு அனுப்புவதாயினும் அவருக்குப் படிவம் வேண்டும். வரிசை எண், படுக்கை எண், பதவி, வேண்டுதல், கடைசியில் குறிப்பு என்று கோடு போட்டு, பத்தொன்பது பேரை வரிசைப்படுத்தி, மூன்று பிரதிகள் எடுத்திருந்தார். மூன்றாம் படுக்கைக்கு ஆண் குழந்தை. ஏழாம் படுக்கைக்கு, ஊரில் எருமை மறுபடி பால் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் படுக்கை, சர்ஜனுக்கு நல்ல வார்த்தை பேசும் குணம் வர வேண்டும் என்று கேட்டிருந்தது. பதினான்குக்கு நேரே இரண்டே சொற்கள்: வலது கால்.

ஒரே நடையில் பத்தொன்பதையும் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் காட்பாடியில் இறங்கிப் பஸ் ஏறினேன். அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கு ஒரு சுத்துடி. பத்தொம்பது பேரையும் ஒரே சுத்துல அடைச்சா, எருமையை யாருக்குக் குடுக்கிறது, புள்ளையை யாருக்குக் குடுக்கிறதுன்னு சாமிக்கே குழம்பிப்போயிடும்."

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா உடனே கணக்குப் போட்டார். "ஒன்பது மைல் வீதம் நூத்தி எழுபத்தியொரு மைல். மெட்ராஸ் போயிட்டுப் பாதி வழி திரும்பி வந்துடலாம்."

"அப்போ நீங்க நாலு சுத்து நடங்களேன்."

அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலைக்குள் தெருவில் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். படுக்கைகளைப் பங்கிடுவதில் சண்டையே வந்தது. எருமைக்கு மட்டும் மூன்று பேர் போட்டி. எதிர்வீட்டு பாய் வீட்டம்மா, துணிக்கடைக்காரர் மனைவி, ஐந்தாம் படுக்கையை எடுத்துக்கொண்டாள். மகள் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று கேட்டிருந்த சிப்பாய் அவர்.

"முட்டி வலியை வச்சிக்கிட்டு உனக்கெதுக்கு அக்கா?" என்றாள் அம்மா.

"எனக்கும் மூணு பொண்ணு இருக்குது. அந்தாளு கவலை எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். நடக்கத்தானே சொல்றே, மலையைத் தூக்கவா சொல்றே?"

பதினான்கை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் விடியலில் புறப்பட்டோம். ஒன்றரை வருடமாகப் பூட்ஸுக்குள் கிடந்த என் பாதங்கள் வெறும் தரையை மறந்திருந்தன. மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலையை நெருங்கும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கருமை ஏறிய ஒரு பாதத்துக்காக நடப்பவள் கொப்புளத்துக்கு முகம் சுளிப்பதா என்று என்னையே கடிந்துகொண்டு நடந்தேன். அடி அண்ணாமலையைத் தாண்டியதும் பாய் வீட்டம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிலக்கடலை மூட்டை ஏற்றிய கட்டை வண்டி ஒன்று வந்தது, அவளை ஏற்றிவிட்டோம். துணைக்கு ஒருவர் வேண்டுமே என்று நானும் ஏறினேன். துணைக்குத்தான் என்று எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். இரண்டு மைல் போனதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"முட்டி தேவலாம். இறங்கி நடக்கலாமா? உன் துணை போதும்."

நாங்கள் இறங்கியதும், வண்டியில் வந்த தூரத்தை அம்மா விரல்விட்டு எண்ணினாள். அது நல்ல அறிகுறி அல்ல.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் பெட்டியைக்கூட வைக்காமல் வார்டுக்குப் போனேன். பதினான்காம் படுக்கையின் கால்மாட்டைத்தான் முதலில் பார்த்தேன். கம்பளிக்கடியில் இரண்டு மேடுகள். இரண்டு.

என்னைக் கண்டதும் டிரைவர் கம்பளியை விலக்கிக் காட்டினார். கால் இருந்தது. கருமை விரல்களோடு நின்றுபோக, சர்ஜன் இரண்டு விரல்களை மட்டும் எடுத்திருந்தார்.

"ரெண்டு குறையுது, சிஸ்டர்" என்று சிரித்தார். "முழுசா நடந்தீங்களா?"

வேடிக்கைக்குக் கேட்டார். எனக்கோ காதுவரை சூடேறியது. நான் படித்த மருத்துவத்தில் கட்டை வண்டிக்கும் கால்விரலுக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தும் இரண்டு மைல், இரண்டு விரல் என்பது மனத்தை விட்டுப் போகவில்லை. வண்டி ஏறியதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். வார்டே சிரித்தது. ஹவில்தார் மட்டும் சிரிக்காமல் தம் பிரதியை எடுத்து, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார்: "இரண்டு மைல் வண்டியில்."

அம்மாவுக்கும் எழுதினேன். பதிலாக ஒரு கார்டு வந்தது. "அந்த ரெண்டு மைலை நானே நடந்துட்டேன். பாய் வீட்டம்மாவும் கூட வந்தா, இந்தத் தடவை வண்டி ஏறல. போன விரல் முளைக்காது. மீதி எட்டுக்கும் இனி பயமில்லைன்னு அவர்கிட்ட சொல்லு. எருமை என்ன ஆச்சுன்னு தெருவே கேக்குது."

கார்டை இந்தியில் படித்துக் காட்டினேன். டிரைவர் அதைக் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்வரையிலும், அதற்குப் பிறகும், வருடப் பிறப்புதோறும் பஞ்சாபிலிருந்து அம்மா பேருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் இந்தியில் எழுதியிருப்பார். நான் ஊரில் இருக்கும்போதெல்லாம் அம்மா கடைசி வரியை மட்டும் முதலில் படிக்கச் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் அது ஒரே வரிதான்: "எட்டும் நலம்."