சாமியிடம் சொன்னது

ஐம்பதுகளில் நான் இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்த ஒரு தர்ம சபைக்குப் பதிவுப் புத்தகம் எழுதும் வேலையும் எனக்கு இருந்தது. சம்பளமில்லாத வேலைதான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

சபை என்றால் பெரிதாக எதுவுமில்லை. முருகன் கோயிலை ஒட்டி ஒரு கூடம், பின்னால் தகரக் கூரை போட்ட அடுப்படி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவந்துவிட்டு, திரும்பிப் போகவும் மனமில்லாமல் தங்கவும் இடமில்லாமல் நிற்கிற தோட்டத்துச் சனங்களுக்கு அங்கே சோறு போடுவோம். அரிசியும் தோட்டங்களிலிருந்தே வரும். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். மாதம் ஒருமுறை அதைத் துணியில் முடிந்து எடுத்து வருவார்கள். தோட்டத்தில் அளந்து போடுகிற அரிசியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எடுத்த பிடி அது. பதிலுக்குச் சபை செய்தது ஒன்றே ஒன்றுதான்: பௌர்ணமிதோறும் அவர்கள் பேரில் ஓர் அர்ச்சனை.

அர்ச்சனைக்கு விவரம் வேண்டுமல்லவா? பேர், தோட்டம், நட்சத்திரம், பூர்வீகக் கிராமம், வேண்டுதல் எல்லாவற்றையும் நான்தான் கேட்டு எழுதுவேன். இந்த மலையிலேயே பிறந்து, கண்டியைக்கூடப் பார்க்காதவர்களும், பூர்வீகம் எது என்றால் தாத்தா விட்டுவந்த கிராமத்தைச் சொல்வார்கள். துறையூர்ப் பக்கம், நாமக்கல் பக்கம் என்பார்கள். சாமிக்கு அடையாளம் தெரியவேண்டுமே என்று அவர்களுக்குக் கவலை. வேண்டுதலைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாகத் தணிந்துவிடும். புருஷன் குடியை விடவேண்டும். மகளுக்கு வந்திருக்கும் காசநோய் வெளியே தெரியாமல் குணமாகவேண்டும். லயத்தில் ஒரே சுவர் தள்ளியிருக்கும் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியாத சங்கதிகளெல்லாம் என் பேனாவுக்குத் தெரிந்திருந்தன.

அப்படிக் கேட்டு எழுதிய கை அதைப் பொத்தி வைத்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? தர்மம் செய்தவர்களைக் கௌரவிக்கிறேன் பேர்வழி என்று, ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்த விவரங்களைப் பெரிய தாள்களில் எடுத்தெழுதிக் கோயில் சுவரில் ஒட்டினேன். குடி, நோய் சங்கதிகளை விட்டுவிட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. நல்ல வேண்டுதல்களை மட்டும் கொஞ்சம் மெருகேற்றி எழுதினேன். மகளுக்கு மாப்பிள்ளை அமையவேண்டும் என்று ஒரு தாய் சொன்னது, என் கையில் 'மங்கல வாழ்வு மலர' என்று ஆகிவிடும். வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தங்கள் வரி எங்கே என்று தேடுவார்கள். அதைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தத் தாள்களில் ஒரு வரி, டவுனிலிருந்து மூன்று மைல் கட்டை தள்ளியிருந்த தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த ஓர் அக்காவுடையது. புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகள் என் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அக்காவின் அண்ணன் பல வருஷங்களுக்கு முன்பே இந்தியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். "அண்ணன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதுங்க டீச்சர். அவரே ஒரு நட வந்துட்டுப் போனாலுஞ் சரி" என்பதுதான் அவர் சொன்ன வேண்டுதல். நான் சுவரில் எழுதியது: 'தாயகம் திரும்பி அண்ணனோடு கூடி வாழ.'

தாயகம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அது ஒன்றுதான் காரணம். பூசம் முடிந்து தாள்களைக் கிழித்தெடுத்தபோது அந்தத் தாளை மட்டும் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது எங்கள் தலைக்கு மேல் வேறொரு கவலை தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாம் ஆண்டு வந்த சட்டம், இந்திய வம்சாவளி என்று சொல்லித் தோட்டத்துத் தமிழர்களான எங்களை நாடில்லாதவர்களாக ஆக்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டத்தில் ஒரு சிறு வழி இருந்தது. நெடுங்காலமாக இங்கே இருக்கிறோம், இனியும் இங்கேதான் இருப்போம் என்று காட்டினால் பிரஜாவுரிமை கிடைக்கலாம். மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அக்காவும் போட்டிருந்தார், நானும் போட்டிருந்தேன். அக்காவின் விசாரணை முதலில் வந்தது. அவரிடம் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதனால், மகள் முதலாம் வகுப்பிலிருந்து எங்களிடம்தான் படிக்கிறாள் என்று சொல்ல நான் சாட்சியாகப் போனேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். அக்காவை உட்காரச் சொன்னார். அவர் சிங்களத்தில் கேட்பதைப் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்.

"இந்தியாவுக்குப் போற எண்ணம் இருக்கா?"

"இல்லீங்கய்யா. எனக்கு எல்லாமே இங்கதாங்க. எம் புருசனப் பொதச்சது இங்கதான். எம் மக பொறந்தது இங்கதான்."

அதிகாரி கோப்பைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். விரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் பசை காய்ந்து, சுவரின் சுண்ணாம்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மொழிபெயர்த்தவர் அக்காவின் பேரையும், தோட்டத்தையும், துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தையும், கடைசியில் என் மெருகேறிய வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்தத் தாளை அங்கே யார் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஒட்டியது நான்.

"இது நீங்க வேண்டிக்கிட்டதா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் கேட்டது சாமியிடம். அதை எப்படி இல்லை என்பது? "அண்ணனப் பாக்கணும்னு சாமிகிட்ட கேட்டது நெசந்தாங்க" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் எழுந்து, ஐயா, அந்த வார்த்தைகள் என்னுடையவை, அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் என்னுடைய மனுவும் அதே மேசைக்குத்தான் வரவேண்டும். தாயகம் என்று தாள் நிறைய எழுதி ஒட்டியவள் நான் என்று தெரிந்தால் என் கதி என்ன? வாயைத் திறக்கவில்லை. மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வெளியே வந்ததும் அக்கா எனக்கு நன்றி வேறு சொன்னார். செத்துவிடலாம் போலிருந்தது.

சில மாதங்களில் அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது. மறுவருஷம் என் விசாரணை வந்தது. எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

அக்காவின் மனு தள்ளப்பட்ட வாரமே சபைத் தலைவரிடம் போனேன். அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இனிமேல் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்றேன். "என்ன டீச்சர், சனங்க எம்புட்டு ஆசையா வந்து பாக்குதுங்க" என்றார். தாள் எந்த மேசையில் கிடந்தது என்பதைச் சொன்னேன். நான் வாயைத் திறக்காமல் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. மனிதர் அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு புத்தகத்தில் பேர், தோட்டம், நட்சத்திரம் மட்டும்தான். பூர்வீகக் கிராமத்தைக் கேட்பதில்லை. வேண்டுதலை எழுதுவதில்லை. குருக்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டுதல சொல்லாம எப்பிடிம்மா அர்ச்சன பண்றது?"

"அவங்களே மனசுக்குள்ள சொல்லிக்கட்டும் சாமி. கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்."

பழைய புத்தகங்களை அடுப்படியில் நானே ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துப் போட்டு எரித்தேன். புதுப் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டோம். ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று என்னிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. ஒரு தேர்தல் சமயத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், எந்தெந்தத் தோட்டத்தில் யார் யார் என்று சும்மா பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிப் புத்தகத்தைக் கேட்டார். முடியாது என்றோம். விழா மலர் ஒன்று அச்சுப் போடப்போவதாகச் சொல்லி வந்தவர் நல்ல மனிதர்தான். "தர்மம் செஞ்சவங்க பேரப் போடுறதுல என்னங்க தப்பு?" என்று கேட்டார். "அவங்க குடுத்தது அரிசிங்க. பேரக் குடுக்கல" என்றேன். டீச்சரிடம் சொன்னால் வெளியே போகாது என்று தோட்டங்களில் எனக்குப் பேர் வந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

ஏனென்றால் மாதம் தவறாமல் அந்த அக்காவும் அரிசி முடிச்சோடு வந்துகொண்டிருந்தார். பேரையும் நட்சத்திரத்தையும் சொல்வார், நான் சரிபார்ப்பேன். மகளைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். விசாரணையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். இப்படியே வருஷங்கள் போயின.

இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டதற்கு மறுவருஷம், ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா வந்தார். முடிச்சைக் கீழே வைத்துவிட்டு, "இந்தியாவுக்கே போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன் டீச்சர்" என்றார்.

"மக இங்க இருக்காளே அக்கா?"

"அவ இருக்கட்டும். அவ புருசனுக்குப் பிரஜாவுரிமை இருக்கு. எனக்குத்தான் இல்லன்னுட்டாங்களே. இன்னும் எத்தன காலத்துக்கு ரெண்டுங்கெட்டானா இருக்கிறது?"

"அண்ணன் வீட்டுக்குத்தானே போறீங்க?"

"அண்ணன் செத்துப்போயி நாலு மாசமாச்சு. கடுதாசி வந்துச்சு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி என்னுடையது என்பதையும், என் மனுவுக்குப் பயந்து அன்றைக்குப் பேசாமல் இருந்ததையும், அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

"அன்னிக்கே தெரியும் டீச்சர். ஒங்க மூஞ்சியப் பாத்தேன்ல."

"அப்புறம் ஏங்க்கா மாசாமாசம் அரிசி கொண்டாந்தீங்க?"

"அது ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு. ஒங்களுக்கா கொண்டாந்தேன்?"

அண்டாவுக்குப் பக்கத்தில் குனிந்து முடிச்சை அவிழ்த்து அரிசியைக் கொட்டினார். துணியை உதறி மடித்தார். வாசலுக்குப் போனவர் நின்று திரும்பினார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாமிகிட்ட நான் கேட்டது நடக்கல டீச்சர். தாயகம்னு நீங்க எழுதுனதுதான் பலிச்சிருக்கு" என்றார்.