எஞ்சினை அணைக்காத நாள்

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்: இமானாலி. ஆனால் எங்கள் ஊர் நரினின் டாக்ஸி ஸ்டாண்டில் போய் இந்தப் பேரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆமை என்று கேட்க வேண்டும். காலையில் கிளம்புகிற மற்ற வண்டிகள் மதியச் சாப்பாட்டுக்குத் தலைநகர் பிஷ்கேக் போய்விடும். இவர் வண்டி போவதற்குள் அங்கே சாயங்காலத் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

"ஆமை வண்டியா? அப்ப நான் வீட்ல சொல்லிட்டு வந்துடறேன், பேரன் பொறந்தா பேர் வச்சிடுங்கன்னு" என்பார்கள் பயணிகள்.

"ஏறுங்க. மெதுவாப் போனவன் யாரும் பள்ளத்துல கெடந்ததில்ல" என்பார் இவர். கோபமே வராது. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருந்தது.

சோவியத் உடைந்த பிறகு ஊரே பெட்ரோல் இல்லாமல் நின்றது. ஜாடியில் ஊற்றி விற்றார்கள், அதிலும் கலப்படம். அந்த வருஷங்களில் வண்டி ஓட்டப் பழகிய மனிதர். பெடலுக்கு அடியில் முட்டை இருப்பது போலத்தான் மிதிப்பார். எங்கோ தூரத்தில் ஆட்டு மந்தை தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் மந்தை சாலையைத் தாண்டியிருக்கும். பிரேக்கைத் தொட்டால் எரித்த பெட்ரோலைத் தூக்கி எறிந்த மாதிரி என்பார். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டித் தட்டித் தூசி போக்குவார். என் கம்பளத்தை ஒரு நாள் அப்படித் தட்டித் தந்ததில்லை. டிக்கியில் தேவையில்லாத சாமான் ஒன்று இருக்கக் கூடாது. நான் அக்கா வீட்டுக்கு எடுத்து வைத்த உள்ளங்கை அளவு ஜாம் ஜாடியைக்கூட இறக்கி வைத்திருக்கிறார். "உன்னையே இறக்க முடியல கிழவி, இதையாவது எறக்கறேன்" என்று சிரிப்பு வேறு.

எங்காவது நின்றால் முதல் வேலை சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது. யாராவது ஷூ கயிறு கட்டக் குனிந்தால்கூட அணைத்துவிடுவார். சட்டைப் பையில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற சின்னக் கருவி எப்போதும் இருக்கும். கிளம்பும் முன் நாலு டயரிலும் அதை வைத்து, டாக்டர் நாடி பார்ப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் குடிக்குமாம்.

பாட்டரி கதை தனி. எங்கள் குளிரில் வண்டியை வெளியே விட்டால் காலையில் பாட்டரி செத்திருக்கும். மற்ற டிரைவர்கள் தூக்கத்தில் எழுந்து போய் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு வருவார்கள். இவர் அதற்கு ஒத்துக்கொள்வாரா? கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைப்பார். அங்கேதான் எங்கள் கடைசிப் பையன் எல்தியாரின் படுக்கை. குளிர்காலம் முழுக்க இரண்டு பேருக்கும் இதே சண்டை.

"தள்ளி வைப்பா. நாத்தம் தாங்கல."

"அதுக்குக் குளிரும்டா."

"எனக்குக் குளிராதா?"

"உன்ன ரெண்டு உதை விட்டா ஸ்டார்ட் ஆயிடுவ. அது ஆகாது."

மூத்தவன் வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலையில் இருக்கிறான். மகளும் அங்கேயே ஒரு சமையல்கட்டில். கிளம்பும்போது அவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டிகள் துணியில் சுற்றி பீரோ மேல் கிடக்கின்றன. திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும் என்பது வழக்கம். இரண்டும் கல்லாகிப் போய்விட்டன. போன டிசம்பரில் எல்தியாருக்கும் அண்ணன் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினான். போய் இறங்கிய மறுநாளே வேலைக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். எனக்கு அவன் போகக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் போகாதே என்றால், இங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்பான். என்ன பதில் சொல்வேன்?

விடிகிற நேரத்தில் எல்தியார் ரொட்டியைக் கடித்துவிட்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால். அன்றைக்கு மட்டும் எனக்கு ஆமையைப் பிடித்திருந்தது. இப்படியே ஊர்ந்து போய் விமானத்தை விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். தாய் நினைக்கக் கூடாததுதான். நினைத்தேன்.

தோலோன் கணவாயை ஏறி இறங்கியதும் சாரி-புலாக்கில் நிறுத்தினார். "குளிருக்குக் காத்து கொறஞ்சிருக்கும்" என்று இறங்கி நாலு டயரையும் பார்த்தார். சரி, அது அவர் சுபாவம். கொச்கோரில் மறுபடி நிறுத்தினார், மறுபடி கருவியை எடுத்தார்.

"அப்பா, காத்து எங்கயும் ஓடிப் போகல" என்றான் எல்தியார்.

"பாத்துக்கறது நல்லதுடா."

எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை ஊரைவிட்டுப் போகிறான், இந்த மனிதருக்கு அன்றைக்கும் டயரும் பெட்ரோலும்தானா? முப்பது வருஷம் எதோடு குடித்தனம் நடத்தினேன், மனுஷனோடா, பெட்ரோல் டாங்கோடா என்று நினைத்துக்கொண்டேன்.

பாலிக்சியில், ஏரிக்கரையில் புகை போட்ட மீன் விற்கிறார்களே, அங்கே மூன்றாம் தடவை நிறுத்தினார். இறங்கி முதல் டயருக்குப் பக்கத்தில் குந்தினார். எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது, கதவைத் திறந்து நானும் இறங்கினேன். அப்போதுதான் காதில் விழுந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஏதோ மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இவராவது, எஞ்சினை அணைக்க மறப்பதாவது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கருவியை டயரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்க்கவில்லை. கண் ஏரிப் பக்கம் இருந்தது. எடுத்து அடுத்த டயரில் வைத்தார், அதிலும் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் புகை போய்க்கொண்டே இருந்தது.

அட மனுஷா, நீயுமா.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. திருடி மாட்டிக்கொண்டவர் போலக் கருவியைப் பையில் போட்டார்.

"மீன் வாங்கலாமா?" என்றார் மெல்ல. "உன் தம்பி வீட்டுக்கு."

நான் சரி என்றால் போதும். மீன்காரியோடு பேரம் பேசி, ஒரு தேநீர் குடித்தால் விமானம் போய்விடும். வாய் வரை வந்துவிட்டது. கண்ணாடி வழியாக எல்தியாரைப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. இவன் எங்களைக் குறை சொல்லவே மாட்டான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் படுத்துக்கொள்வான். வேலை போன அந்த முகத்தோடு தினமும் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

"மீனெல்லாம் வேண்டாங்க. வண்டிய எடுங்க" என்றேன்.

"கிழவி..."

"எடுங்கன்னா எடுங்க. இதுவரைக்கும் நிறுத்துனது போதும்."

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய மாதிரி நான் பார்த்ததில்லை. போம் பள்ளத்தாக்கின் வளைவுகளில் லாரிகளைத் தாண்டிக்கொண்டு போனார். முட்டை எப்போதோ உடைந்துவிட்டது. எஞ்சின் அலறியது. பிரேக், மறுபடி ஆக்ஸிலேட்டர், மறுபடி பிரேக். எங்களைத் தாண்டித்தான் எல்லாரும் போவார்கள். அன்றைக்கு நாங்கள் தாண்டினோம். ஸ்டாண்டுக்காரர் ஒருவர் எதிரே வந்தவர், எங்கள் வண்டியை அடையாளம் கண்டு விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோக்மோக் தாண்டும்போது எல்தியார் வாயைத் திறந்தான்.

"மெதுவாப் போலாம்ப்பா. பெட்ரோல் குடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் காலை எடுக்கவும் இல்லை.

நேரத்தோடு விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போகும் முன் எல்தியார் அவரைக் கட்டிக்கொண்டான். "பாட்டரிக்கு இனிமே எடம் தாராளம்ப்பா" என்றான்.

ராத்திரி பிஷ்கேக்கில் என் தம்பி வீட்டில் தங்கிவிட்டு, டாங்கை நிரப்பிக்கொண்டு மறுநாள் கிளம்பினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். பயணிகள் யாரையும் அவர் ஏற்றிக்கொள்ளவில்லை. பழையபடி ஆமைதான். எங்கும் நிற்கவில்லை. நரினுக்கு வந்து நின்றபோது பெட்ரோல் முள் பாதிக்கு மேலேயே இருந்தது. இவ்வளவு மிச்சம் அவர் எந்தப் பயணத்திலும் பிடித்ததில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"வண்டி லேசா இருந்துச்சு" என்றார்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். பாட்டரியைக் கழற்றவில்லை. திரும்ப வருவார் என்று நின்று பார்த்தேன், வரவில்லை. இத்தனை வருஷம் பார்த்த வேலைதானே, நானே கழற்றினேன். நல்ல கனம். நின்று நின்று தூக்கிக்கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில், எல்தியார் தலை வைக்கிற இடத்தில் வைத்தேன். அவர் எழுந்து வந்து பையனின் போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.