களிசானைக் கழட்டச் சொன்ன பரமேசக்கா

பரமேசக்கா மோசம் போயிட்டாவாம். காலமை அவான்ர மகள் ஊரில இருந்து போன் எடுத்துச் சொன்னவ... நித்திரையிலயே போயிட்டாவாம்.

அறுபதுகளில வன்னியில ஒரு விவசாயப் பண்ணையில கிளாக்கா வேலைக்குச் சேர்ந்தனான். அவா அங்க லாப் அசிஸ்டன்ட். என்னை விட மூண்டு வயதுதான் கூட. அவ்வளவு ஆம்பிளையளுக்குள்ள அவா ஒரு ஆள்தான் பொம்பிளை.

முதல் நாளே, புதுசா வந்த நாலு பேரையும் மருந்து ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனா. பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து... தகரப் பரல் பரலா அடுக்கியிருக்கும்.

உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, சுருட்டுப் பத்தக் கூடாது, தண்ணித் தொட்டி எந்தப் பக்கம், எந்தக் கதவால ஓடுறது... எல்லாம் நடந்து நடந்து காட்டினா. அது அவாவுக்கு ஒருத்தரும் குடுத்த வேலை இல்லை. பரலில ஒட்டியிருந்த இங்கிலீஸ் லேபிளை டிக்சனரி வைச்சு வாசிச்சு, தானே தமிழில எழுதி வைச்சிருந்தா.

உடுப்பில ஊத்துப்பட்டால் முதல்ல உடுப்பைக் கழட்டுங்கோ, வெக்கத்தைப் பிறகு பாப்பம் எண்டா. நாங்கள் ஆளை ஆள் பாத்துச் சிரிச்சனாங்கள். நானும்தான்.

ரெண்டு கிழமை இருக்கும்... மனேச்சர் ஐயா ஸ்டோரைப் பாக்க வந்தார். வெள்ளைக் களிசான், வெள்ளைச் சேட். அவர் நடந்து வந்தால் பண்ணையே எழும்பி நிக்கும். ஒரு பரலைச் சரிக்கேக்க மூடி கழண்டு, மருந்து அவற்ற இடுப்புக்குக் கீழ முழுக்க ஊத்துப்பட்டிட்டுது.

லேஞ்சியால துடைச்சுக்கொண்டு, ஒண்டுமில்லை, குவாட்டர்ஸில போய் மாத்துறன் எண்டார். குவாட்டர்ஸ் ஒரு மைல் தூரம்.

பரமேசக்கா வாசலை மறிச்சு நிண்டா.

"ஐயா, களிசானைக் கழட்டுங்கோ."

அந்தக் காலத்தில... கல்யாணமாகாத பொம்பிளைப்பிள்ளை... மனேச்சரைப் பாத்து... நான் நிலத்தைப் பாத்தன்.

அவர் கோவமா விலகச் சொன்னார். அவா விலகேல்ல. தோலால உள்ளுக்குப் போகுது ஐயா, ஒரு மைல் நடக்க நேரம் இல்லை எண்டு மட்டும் சொன்னா. குரல் உயரேல்ல.

பிறகு ரப்பர் கையுறையைப் போட்டா. அந்த அவசரத்திலயும்! சாக்கு வெட்டுற கத்தரிக்கோலை எடுத்து, குனிஞ்சு, களிசானை ரெண்டு பக்கமும் கீழ இருந்து இடுப்பு வரைக்கும் வெட்டி விட்டா. மனேச்சர் விறைச்சுப்போய் நிண்டார்.

சவுக்காரம் போட்டுக் கழுவ எங்களை விட்டிட்டு, அவா மற்றப் பக்கம் திரும்பி நிண்டா. நாங்கள் வாளி வாளியா ஊத்தினம். "இன்னும்... இன்னும்..." எண்டுகொண்டே இருந்தா.

ஜீப்பில ஏத்தேக்க லேபிளைக் கிழிச்சு என்ர கையில தந்தா. டாக்குத்தரிட்டக் குடு எண்டு.

கனகராயன்குளம் தாண்டேக்கயே மனேச்சர் வாந்தி எடுக்கத் துவங்கிட்டார். வேர்த்து ஊத்துது. வவுனியா ஆஸ்பத்திரியில டாக்குத்தர் அந்த லேபிளை வாசிச்சுப்போட்டு, உடுப்பை ஆர் கழட்டினது எண்டு கேட்டார். சொன்னன். அந்த உடுப்போட வந்திருந்தால் இந்தாள் இல்லை எண்டார்.

மூண்டு கிழமையால மனேச்சர் திரும்பி வந்தார். அடுத்த முறை புது ஆக்களுக்கு அவா சொல்லிக் குடுக்கேக்க, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னுக்கு இருந்தார். கடைசி வரைக்கும் இருந்து கேட்டார்.

ஊர் சும்மா இருக்குமோ... முள்ளியவளையில அவாவுக்குக் கல்யாணம் பேசி வைச்சிருந்தது. ஆம்பிளையின்ர களிசானை வெட்டினவள் எண்டு கதை பரவிச்சுது. மாப்பிளை பகுதி பின்வாங்குது எண்டும் கேள்விப்பட்டம். அவா ஒரு நாள் லீவு எடுக்கேல்ல.

ஒரு மத்தியானம் ஒருத்தர் சைக்கிளில ஒபிசுக்கு வந்தார். சேட் முழுக்கப் புழுதி. தான்தான் அந்த மாப்பிளை எண்டார். கேள்விப்பட்டது உண்மையோ எண்டு என்னைக் கேட்டார். ஓம் எண்டன்.

"அந்த மனுசன் இப்ப உயிரோட இருக்கிறாரோ?"

"இருக்கிறார். உள்ளுக்குத்தான் இருக்கிறார்."

பிறகு, ஆவணியில கல்யாணம், ஒபிஸ் ஆக்கள் எல்லாரும் வரவேணும் எண்டு சொல்லிப்போட்டு சைக்கிளை எடுத்தார். பரமேசக்காவைக் கூப்பிட்டுப் பாக்கவும் இல்லை.

கன வருசத்துக்குப் பிறகு அவாட்டக் கேட்டனான், எப்பிடி அக்கா அண்டைக்குத் துணிஞ்சனீங்கள் எண்டு.

"துணிவோ... வீட்ட போய் ரெண்டு நாளாக் கை நடுங்கினது தம்பி. சோறு பிசையேலாமல் இருந்தனான்."

நாளைக்கு முள்ளியவளையில செத்தவீடு. இவ்வளவு தூரத்தில இருந்து என்னால வரேலாது.

சுகமாப் போங்கோ அக்கா.