பிரித்துப் போட்ட பூச்சு

பூச்சுக்காரருக்குச் சந்தேகம் சாப்பாடு மாதிரி, மூன்று வேளையும் வேண்டும். பால்காரர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் என்பார். மனைவி சிரித்தால் எதை மறைக்கிறாய் என்பார். ஆனால் வேலையில் ஆளைக் குறை சொல்ல முடியாது. சுவரைத் துளைத்து ஒயர் போகிற இடத்தில் ஒரு இடைவெளி இருக்குமே, அதில் எலியும் எறும்பும் மழைத் தண்ணீரும் நுழையாதபடி அடைத்துத் தருவதுதான் அவர் தொழில். துளை போட்டு ஒயர் இழுப்பவர் அவருடைய தங்கை புருஷன், எலக்ட்ரீஷியன். பதினொரு வருடமாக அவர் துளைப்பார், இவர் அடைப்பார்.

துளை பெரிதாக இருந்தால் அடைக்கிற பட்டிப் பசை உள்ளே சரிந்துவிடும். அதற்கு இவரே ஒரு வழி வைத்திருந்தார். டிவி பெட்டியில் வருகிற தெர்மாகோலை உடைத்து ஒயரைச் சுற்றித் திணித்து, அதன்மேல் பட்டி பூசுவார். ஈரம் காயுமுன் ஓரத்தில் பெருவிரலை அழுத்தி ஒரு ரேகையும் வைப்பார். யாராவது கை வைத்தால் தெரிந்துவிடும் அல்லவா?

தெரிந்தது. குளியலறை வேலைக்காக ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனவர், பழைய பழக்கத்தில் சமையலறைச் சுவரை எட்டிப் பார்த்தார். பூச்சு கச்சிதமாக இருந்தது, ரேகையைக் காணோம். ஏதேதோ சாக்குச் சொல்லி இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. உங்கள் மாப்பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏதோ பார்த்துவிட்டுப் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பூச்சுக்காரருக்கு வயிறு எரிந்தது. நம் வேலை சரியில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி, அடைக்கிற வேலையையும் தானே சுருட்டிக்கொள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். நேரில் கேட்டால் மழுப்பிவிடுவான் என்று கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உள்ளே விடக்கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். நான் என்ன அண்ணா தப்பு செய்தேன் என்று தங்கை அழுதாள். அந்த அழுகையும் இவருக்கு நடிப்பாகத்தான் பட்டது. கூடப் பிறந்தவள் அழுவதை நம்பாத மனுஷனை என்ன சொல்ல? இப்படியே மூன்று மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் ஒருவர் வீட்டில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை ஸ்டூல் மேல் நின்று பூச்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அதுவரை 'வாங்க, போங்க' என்று மட்டுமே பேசியறிந்த பூச்சுக்காரர் அன்று ஒருமைக்கு இறங்கினார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே, நீ நல்லா இருப்பியா?"

மாப்பிள்ளை இறங்கி வந்து, வெட்டியெடுத்த ஒயர்த் துண்டு ஒன்றை லேசாக வளைத்துக் காட்டினார். மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு பல்லை இளித்தது. இவர் திணித்த தெர்மாகோல் அதில் பிசினாக உருகி ஒட்டியிருந்தது.

"தெர்மாகோல் பட்டா நாளாக நாளாக ஒயர் இப்படி வெடிச்சுடுது, மச்சான். எனக்கே சமீபத்துலதான் தெரிஞ்சுது. வெளிய தெரிஞ்சா உங்களை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லாம வீடு வீடா நானே மாத்திட்டு வர்றேன்."

பூச்சுக்காரர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அடித்தாற்போல வெட்கமாக இருந்தது. இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று கேட்டுவைத்தார்.

"ஒண்ணுதான்." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வீடு. ரெண்டு தடவை வந்தேன், அக்கா உள்ள விடல."

சொந்த வீடாயிற்றே என்று, மகள் படுக்கிற அறைச் சுவரில் கொஞ்சம் கூடுதலாகவே திணித்தது பூச்சுக்காரருக்கு நினைவு வந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"மெயின் சுவிட்சை அணை. மாப்பிள்ளை வர்றார், கதவைத் திறந்து வை."