வாசற்படி தாண்டாத ரயில்

எங்கள் மாடி அறைக்கதவின் அகலம் இரண்டே முக்கால் அடி. நான் அந்த அறைக்குள் கட்டிய ரயில் பாதை, மூன்று சுவரையும் ஒட்டி 'ப' எழுத்துப் போல, ஒரே சட்டமாக நின்றது. ஒரு கை ஒன்பதடி. கதவு வழியாக அது வெளியே வராது என்று பதினொரு வருஷமாக எனக்குத் தெரியும். வெளியே கொண்டுவர வேண்டிய நாள் வரும் என்றுதான் தோன்றவில்லை. மாதிரி ரயில் கட்டுகிற எல்லோரும் செய்யும் முட்டாள்தனம்தான் இது. சட்டத்தைத் துண்டு துண்டாகச் செய்யச் சொல்லி ஆசாரி தலைபாடாக அடித்துக்கொண்டார். இணைப்பு வந்தால் தண்டவாளம் ஆடும் என்று நான் பெரிய இவன் மாதிரி மறுத்துவிட்டேன்.

நான் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு புதுச்சேரியில், சாரம் பகுதியில். கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஹாலுக்குள்ளிருந்தே மாடிப்படி. மாடியில் அந்த ஒரே அறை. அதில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரை நிஜத்தை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருந்தேன். வில்லியனூர் வளைவு, ஒரு பாலம், லெவல் கிராசிங், கடைசியில் நம் ஊர் ஸ்டேஷன். பலகைக்கு அடியில் போன ஒயர்களை எல்லாம் நிறம் பிரித்துக் கட்டியிருந்தேன். வந்து பார்க்கிறவர்கள் ரயிலைப் பார்ப்பார்கள். எனக்கு அவர்கள் குனிந்து அந்த ஒயரைப் பார்க்கவேண்டும்.

ஆனி மாதத்தில் மகள் சென்னையிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்துவிட்டாள். திருமணம் சரிப்பட்டு வரவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை, அது அவள் கதை. கோரிமேட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. ஷிப்டு வேலை. இரவு டூட்டி முடித்து, ஊரே குளித்துக் கிளம்புகிற நேரத்தில் வந்து ஹாலில் பாய் விரிப்பாள்.

வந்த மூன்றாம் நாள் கேட்டாள்: "மாடி ரூமைக் குடுக்கிறியாப்பா? எனக்குன்னு கதவு சாத்திக்கிற மாதிரி ஒரு எடம் இருந்தா போதும்."

"ஒரு வாரம் குடும்மா, காலி பண்ணிடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

எங்களுடையது ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டம். ரயில் படம் எடுக்கிறவர்கள், மாதிரி கட்டுகிறவர்கள், இரண்டும் செய்கிறவர்கள். வாட்சப்பில் ஒரு குழு. அதில் விஷயத்தைச் சொன்னேன். சட்டென்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்: கடைசி ஓட்டம் விடாமல் கை வைக்காதீர்கள்.

இது எங்கள் வழக்கம். ஒரு வண்டி நிற்கப்போகிறது என்றால், அதன் கடைசி ஓட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டுக் காமிராவோடு போய் நிற்போம். மீட்டர்கேஜ் வண்டி நின்றபோது அப்படித்தான் போய் நின்றோம். ஒருவர் வீட்டு மாதிரியைப் பிரிப்பதற்கும் அதே மரியாதை. எல்லோரும் வரவேண்டும், ரயிலைக் கடைசியாக ஒரு தடவை விடவேண்டும், அங்குலம் விடாமல் படம் எடுக்கவேண்டும். அப்படிச் செய்யாதவனை, சொந்தபந்தத்துக்குச் சொல்லாமல் காரியம் முடித்தவன் போலப் பேசுவார்கள்.

முதல் ஞாயிறு மேகமூட்டம். எங்களில் மூத்தவர் பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்குகிறவர், அந்த ஊர் மரியாதைப்படி நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் படம் எடுத்தால் அது படமே இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். இரண்டாவது ஞாயிறு புதுப்பெயின்ட் அடித்த இன்ஜின் ஒன்று விழுப்புரம் பக்கம் வருவதாகச் செய்தி. எல்லோரும் அங்கே ஓடினார்கள். நானும் போனேன். ஆமாம், நானும்தான். மூன்றாவது ஞாயிறு எங்களில் ஒருவரான கடலூர்க்காரர் வீட்டில் காதுகுத்து.

ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே மட்டும் சலித்துக்கொண்டேன். என் மனைவிக்கு என்னைத் தெரியாதா?

"ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க. அந்தப் பொண்ணு ரெண்டாவது தரம் கேக்க மாட்டா" என்றாள்.

"நாலு பேரைக் கூப்பிட்டுட்டேன். இப்ப எப்படி வேணாம்னு சொல்றது?" என்றேன்.

"யாரு கூப்பிடச் சொன்னது?"

 வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

நான்காவது ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. எட்டு மணிக்கெல்லாம் காமிரா முக்காலியும் விளக்குமாக ஐந்து பேர் வந்துவிட்டார்கள். மகள் அப்போதுதான் டூட்டியிலிருந்து வந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிப் படுத்திருந்தாள். அவள் காலைத் தாண்டித்தான் மாடிப்படிக்குப் போகவேண்டும். ஒவ்வொருவராகப் பூனை நடை நடந்தார்கள். முசியேவின் முக்காலி படிக்கட்டுக் கம்பியில் இடித்து 'ணங்' என்றது.

"மன்னிச்சுக்கம்மா, நீ தூங்கு, நீ தூங்கு" என்றார் அவர்.

அவள் எழுந்தாள்.  பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, கேஸ் சிலிண்டரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். மனைவி அடுப்பைப் பற்ற வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன். மேலே ரயில் கிளம்பத் தயாராக இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி ஓட்டம் ஒரே ஓட்டமாகவும் இருக்கவில்லை. வில்லியனூர் வளைவில் வண்டி நின்றது. தண்டவாளத்தைத் துடைத்து மறுபடி விட்டோம். முசியேவின் காமிராவில் யாருடைய முழங்கையோ விழுந்தது. மறுபடி விட்டோம். மூன்றாவது தடவை வண்டி நேராகப் புதுச்சேரியில் போய் நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எங்கே அறுப்பது என்று விவாதம். பாலத்தில் அறு என்றார் ஒருவர், வளைவில் கைவைக்காதே என்றார் இன்னொருவர். கடலூர்க்காரர், "எதுக்கு சார் அறுக்கணும்? நடுவுல ஒரு கட்டிலைப் போட்டா பாப்பா படுத்துக்காதா?" என்றார். நான் அதை ஒரு கணம் யோசிக்கவும் செய்தேன்.

சாயங்காலம் மகளிடம், "வியாழக்கிழமை ஆசாரி வரான். நாலே நாள்ல ரூம் ரெடி" என்றேன்.

"அவசரமில்லப்பா. கோரிமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருச்சு. நாளைக்குப் போறேன்."

"தனி ரூமா?"

"மூணு பேரு. மூணு பேரும் டூட்டி பாக்கறவங்கதான். யாராவது தூங்குனா மத்தவங்க செருப்பக் கழட்டிட்டு வருவாங்களாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். களைத்துப்போன குரலில், சந்தைக்குப் போய் வந்த விவரம் போலச் சொன்னாள். மறுநாள் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிவிட்டேன்.

ஆசாரிக்காகக் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே ரம்பத்தை எடுத்தேன். பாலமாவது வளைவாவது, கை எங்கே பட்டதோ அங்கே அறுத்தேன். புதுச்சேரி ஸ்டேஷன் நடைமேடை இரண்டாகப் போனது. நிறம் பிரித்துக் கட்டிய ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து வெட்டினேன். அரை நாள் வேலை. நாலு ஞாயிறு தேவைப்பட்டிருக்கவே இல்லை.

அறைக்கு வெள்ளை அடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டி அவளுக்குப் போன் செய்தேன்.

"ரூம் ரெடியாயிடுச்சும்மா. உள்பக்கம் தாழ்ப்பாளும் புதுசு போட்டிருக்கேன்."

 "சரிப்பா" என்றாள். "மழை வரப்போவுது. அம்மா துணி காயப் போட அல்லாடுறாங்க. அந்த ரூம்ல ஒரு கொடி கட்டு."

கட்டினேன். கொடி கட்டிலுக்கு மேலாகப் போகிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

போன வாரம் முசியே வந்திருந்தார். கடைசி ஓட்டத்தின் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அருமையான வெளிச்சம். மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரூம் சும்மாதானே தம்பி கெடக்கு, சின்னதா ஒண்ணு ஆரம்பிக்கலாமே. இந்தத் தடவை பிரிக்கிற மாதிரி" என்றார்.

"இல்ல முசியே, அது என் பொண்ணு ரூம்" என்றேன்.

அந்த நாலாவது ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேரையும் வாசலில் நிறுத்தி இதைச் சொல்லியிருந்தால், பாயில் படுத்திருந்தவள் காதில் விழுந்திருக்கும்.